மூன்று பக்கம் இருந்தால் உண்மை

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பார்த்தால் கண்ணாடி, தட்டினால் பிளாஸ்டிக். 'கணினிக்கு வாசிக்கக் கற்றுத்தந்த மெகருன்னிசா அவர்களுக்கு' என்று அதில் பொறித்திருக்கிறது. வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், "நீங்க டீச்சரா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். விளக்க ஆரம்பித்தால் டீ ஆறிப்போகிறது.

இப்போது வெண்ணிலா விளக்கச் சொல்கிறாள். எனக்கு அடுத்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்த பெண். எங்கள் ஆபீஸ் மாடியை மூடியபிறகு, அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு அனுபவம் எழுத வேண்டுமாம்.

"மெகருக்கா, புது மெஷினு தானே படிச்சிக்கினு தானே கத்துக்குதாம். நம்மள மாதிரி ஆளுங்க இருந்தாங்கன்னே யாருக்கும் தெரியாம பூடும். நீ எழுது" என்றாள்.

"தெரியாம போனா இன்னா குடி முழுகிப் போவுது?"

"அய்ய, பேஜாரு பண்ணாதக்கா. கையால எழுதிக் குடு. நான் டைப் அடிச்சுப் போட்டுக்கறேன்."

சரி, எழுதுகிறேன். வெண்ணிலா, ஒரு நிபந்தனை. நான் எழுதியதை எழுதியபடி அடி. நடுவில் ஓர் இடத்தில் உன் கை நிற்கும். நின்றாலும் மேலே அடி.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமில்லை. பழவேற்காட்டில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு வலை, கயிறு விற்கும் கடை. நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். வீட்டுக்காரர் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லாரிகளுக்குச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் கம்ப்யூட்டர் வந்து நின்றது. என் வேலையைப் பிடுங்கிய கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லித்தர ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். பழிவாங்க நல்ல வாய்ப்பு என்று போய்ச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று நாள். அதில் இரண்டு நாள் புரொஜெக்டர் ரிப்பேர்.

ஆபீஸ் புதுவாயல் கூட்டு ரோட்டில், டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கொல்கத்தா போகிற லாரிகள் கீழே பிரேக் போட்டால் எங்கள் மேஜையில் தண்ணீர் பாட்டில் நடுங்கும். முப்பது பேர் இருந்தோம். பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்கு இங்கே எட்டு மணி நேரம் உட்காரலாம் என்று வந்தவர்கள்.

வேலை இதுதான். உலகத்தில் எத்தனையோ பேர் இணையத்தில் எழுதித் தள்ளுகிறார்கள். அத்தனையையும் ஒரு மெஷின் படிக்கும். படித்து, ஒவ்வொரு துண்டு விஷயமாகக் கிள்ளி எடுத்து, 'மீஞ்சூர் – மாவட்டம் – திருவள்ளூர்' என்று மூன்று கட்டத்தில் எங்கள் திரையில் காட்டும். எந்தெந்தப் பக்கத்தில் அதைப் படித்தது என்றும் கீழே காட்டும். நாங்கள் அழுத்த மூன்று பொத்தான்: சரி, தவறு, தெரியவில்லை. சரி என்று முடிவானதைத்தான், போனில் யாராவது கேள்வி கேட்டால் மெஷின் பதிலாகச் சொல்லும். ஒரே ஒரு பக்கம் சொன்னால் மெஷின் அதை எங்களிடம் கொண்டுவரவே வராது. மூன்று வெவ்வேறு பக்கம் சொன்னால்தான் கொண்டுவரும். மூன்று பக்கம் இருந்தால் உண்மை. இது எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி வகுத்த விதி.

ஒரு கேள்வி இரண்டு பேருக்குப் போகும். யார் அந்த இன்னொருவர் என்று நமக்குத் தெரியாது. இருவரும் ஒரே பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. மாறிப்போனால் மேற்பார்வையாளருக்குப் போகும். அவர் சொல்வதுதான் முடிவு. தோற்றவருக்கு மதிப்பெண் குறையும். வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டுகிற தாளில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மை. 'தெரியவில்லை' அழுத்தினால் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் சிவப்பு. பிறகு அந்தப் பொத்தானை எதற்கு வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். என் பணிக்காலம் முழுவதும் அதை நான் தொட்டதில்லை.

மேற்பார்வையாளர் தணிகாசலம் சார். கவரைப்பேட்டைப் பக்கத்தில் சொந்த நிலம், நெல் விவசாயக் குடும்பம். இங்கே வருவதற்கு முன்பு பத்திர எழுத்தரிடம் இருபது வருஷம் உதவியாளர். பேப்பரே இல்லாத ஆபீஸில் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். கையில் ஒரு மர ஸ்கேல். நமக்குச் சந்தேகம் வந்து கூப்பிட்டால் பின்னால் வந்து நிற்பார். ஸ்கேலை மானிட்டரின் மேலேயே வைத்து, ஒரு வரியின் அடியில் பிடித்து, உதடு அசைய வாசிப்பார். பிறகு அடுத்த வரிக்கு இறக்குவார். அவசரமே கிடையாது. முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"பேஜுல இருக்குதாம்மா?"

இருக்கிறது என்றால், "அப்ப சரி." இல்லை என்றால், "அப்ப தவறு." ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் வருஷம் நான் மல்லுக்கு நின்றேன். திருநின்றவூரில் மனை விற்கிறவர்கள் போடுகிற விளம்பரம் எல்லாவற்றிலும் ரயில்வே ஸ்டேஷன் ஐந்து நிமிடம் என்று இருக்கும். பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம், கல்லூரி ஐந்து நிமிடம். மெஷின் இதையெல்லாம் படித்து, திருநின்றவூரில் எதுவுமே ஐந்து நிமிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் விமான நிலையமும் ஐந்து நிமிடம் என்று வந்தது. என் நாத்தனார் அந்த ஊரில்தான் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறாள். அந்த ஐந்து நிமிடத்தை நடந்து நடந்து அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. சாரைக் கூப்பிட்டேன்.

"சார், இது அநியாயம். ஏரோப்ளேன்ல போனாக்கூட அஞ்சு நிமிஷம் ஆவாது."

ஸ்கேல் வந்தது. மூன்று விளம்பரத்தையும் வாசித்தார். "பேஜுல இருக்குதே."

"பேஜுல இருந்தா? நேர்ல இல்லியே சார். ரோட்டுல போயி பாருங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னாம்மா நீ. பத்திரத்துல நாலு தென்னமரம்னு எழுதிருந்தா, நேர்ல போயி எண்ணக் கூடாது. எண்ணினா அஞ்சு இருக்கும். அந்த அஞ்சாவது மரத்தால ஒரு குடும்பமே கோர்ட்டு வாசல்ல நிக்கும். நமக்கு ரோடு வேலை குடுக்கல. பேஜுதான் குடுத்துது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாங்கள் மாடியில் உட்கார்ந்து தினமும் ஏட்டுச் சுரைக்காயை அரிந்துகொண்டிருந்தோம்.

மெஷினும் லேசுப்பட்டதில்லை. சமையல் பக்கங்களை ஆயிரக்கணக்கில் படித்துவிட்டு, 'தேவையான அளவு' என்பது கிலோ, லிட்டர்போல ஓர் அளவை என்று கற்றுக்கொண்டது. ஒரு கிலோவுக்கு எத்தனை 'தேவையான அளவு' என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. எங்கள் மாடியில் அன்றைக்கு வேலை நடக்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தோம். இன்னொரு சமயம், மீஞ்சூரில் கடல் நீரைக் குடிநீர் ஆக்குகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு, 'கடல் – பயன் – குடிநீர்' என்று கொண்டுவந்தது. அதோடு விட்டதா? பழவேற்காடு கடலோரம் இருக்கிறது, ஆகவே அங்கே குடிநீருக்குக் குறைவில்லை என்று அடுத்த வாரம் வந்து நின்றது. என் அம்மா வீட்டில் அந்த வாரம் தண்ணீர் லாரி வராமல் குடத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். பேஜில் இருந்தது. சரி என்று அழுத்தினேன். சாரைக் கூப்பிடவில்லை.

இப்படி ஐந்தாறு வருஷம் போனது. மெஷின் எவ்வளவு கற்றுக்கொண்டதோ எனக்குத் தெரியாது, நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். சுவரில் என் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது.

இனி அந்த மருத்துவமனை. அதன் பெயரை எழுதப்போவதில்லை. டாக்டர்மேல் குற்றமில்லை, நல்ல மனிதர். நெடுஞ்சாலை ஓரத்தில் சின்னதாக நடத்திக்கொண்டிருந்தார். என் மகனுக்கு டைபாய்டு வந்தபோது பதினொரு நாள் அங்கேதான் படுத்திருந்தான். டாக்டர் வயதாகி, வெளிநாட்டில் இருக்கிற மகளோடு போய்விட்டார். கட்டடத்தை டைல்ஸ் வியாபாரி ஒருவர் குடோனுக்கு எடுத்துக்கொண்டார். '24 மணி நேரமும்' என்று எழுதிய போர்டு மட்டும் மேலே அப்படியே இருந்தது. நான் தினமும் ஷேர் ஆட்டோவில் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போவேன். தணிகாசலம் சாரும் தன் மொபெட்டில் அதைத் தாண்டித்தான் வருவார். சில நாள் அந்த இடத்தில்தான் எங்கள் ஆட்டோவை முந்துவார்.

மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு நாள் காலையில் என் திரையில் வந்தது. அந்த மருத்துவமனை – திறந்திருக்கும் நேரம் – 24 மணி. அடுத்தது, அந்த மருத்துவமனை – அவசர சிகிச்சை – உண்டு. கீழே ஏழு பக்கம். ஏழும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. டாக்டரின் போன் நம்பரில் ஓர் எண் குறைவு, ஏழு பக்கத்திலும் அதே எண்தான் குறைவு. அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு இது தெரியாதா? தெரிந்தது. போர்டும் டைல்ஸ் அடுக்கும் கண்முன் வந்தது.

சாரைக் கூப்பிட நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைக்கவில்லை. பேஜில் இருக்கிறதா, இருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அது ஏதோ சினிமா நடிகரின் உயரம்.

அந்த வெள்ளிக்கிழமை வெண்ணிலாவுக்குச் சிவப்பு விழுந்தது. அவள் சுவருக்கு எதிரே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, நாஷ்டா முடித்து உட்கார்ந்த நேரம். தணிகாசலம் சாருக்கு போன் வந்தது. எடுத்தவர், "எங்க? எங்க இட்டுக்கினு போன?" என்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டோம். ஸ்கேலை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

நடந்தது இது. அவர் மனைவி லோகநாயகி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கை கயிற்றிலிருந்து நழுவி விழுந்தது. வீட்டில் மருமகள் மட்டும்தான். தர்மபுரிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி நாலு மாதம், ஊரில் எது எங்கே என்று தெரியாது. கெட்டிக்காரப் பெண், அழுதுகொண்டு நிற்கவில்லை. போனை எடுத்துப் பக்கத்தில் அவசர சிகிச்சை எங்கே என்று கேட்டிருக்கிறாள். போன் சொன்னது. திறந்திருக்கிறது என்றும் சொன்னது. ஆட்டோ பிடித்து மாமியாரை மடியில் போட்டுக்கொண்டு போய் இறங்கினால், ஷட்டருக்கு உள்ளே டைல்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியா? அது மூடி எந்தக் காலமாவுது. ஊருக்கே தெரியுமே" என்றாராம் டைல்ஸ்காரர்.

அங்கிருந்து பொன்னேரி. வழியில் ரயில்வே கேட். பொன்னேரியிலிருந்து சென்னை. சென்னையில் டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றாராம். உயிர் தங்கியது. வலது கை போனது. பேச்சும் கொஞ்ச நாளைக்குக் குழறியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் முப்பது பேருக்கும் கைமுறுக்கு சுற்றி அனுப்புவார் அந்த அக்கா. நாலு சுற்று முறுக்கு, ஒரு சுற்றுகூட விலகியிருக்காது. அந்தக் கை.

செய்தி மாடிக்கு வந்தபோது வெண்ணிலாதான் முதலில் நிமிர்ந்தாள். "மெகருக்கா, அந்த ஆஸ்பத்திரி கேள்வி எனக்கு வந்துச்சுக்கா! நான் தவறுன்னு போட்டேன். எங்க நைனாவ அங்கதான் காட்டுவோம், மூடினது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் செவப்பு போட்டாங்க. சரின்னு போட்டது எந்தப் பாவிக்கா?"

"யாரோ" என்றேன்.

வெண்ணிலா, உன் கை நிற்கும் என்று சொன்னது இந்த இடம்தான். அந்தப் பாவி நான்தான். நீ தவறு, நான் சரி. இரண்டும் மாறிப்போனதால் கேள்வி சாரிடம் போயிருக்கிறது. அவர் ஸ்கேல் வைத்து ஏழு பக்கத்தையும் வாசித்திருப்பார். பேஜில் இருந்தது. சரி என்று முடித்திருக்கிறார். தினமும் அந்த ஷட்டரைத் தாண்டி வந்த இரண்டு பேர் சேர்ந்து ஊருக்கே தெரிந்ததைப் பொய்யாக்கினோம்.

இரண்டு வாரம் கழித்து சார் வேலைக்கு வந்தார். தாடி. ஸ்கேலை என் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற பட்டியல் மேற்பார்வையாளருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய வெள்ளிக்கிழமைத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரத்துத் தாளைத் தேடியெடுத்து, வெண்ணிலா பெயருக்கு நேரே இருந்த சிவப்பைப் பேனாவால் அடித்தார். ஓரத்தில் 'அடித்தல் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்திரத்தில் திருத்தம் செய்தால் அப்படித்தான் எழுதுவார்களாம். பிறகு தாளைச் சுவரில் ஒட்டினார். வெண்ணிலா கிட்டே போய்ப் பார்த்தாள். "இன்னா சார் இது?" என்றாள். அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த கவலை, அந்தப் பொய் இன்னும் உயிரோடு இருந்தது. எவன் வீட்டுப் பெண் போனைக் கேட்டாலும் அதே ஷட்டருக்கு அனுப்பும். ரோட்டில் அதைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது. சார் டைல்ஸ்காரரிடம் பேசினார், பத்து நிமிடத்தில் போர்டின்மேல் வெள்ளைப் பெயிண்ட். ஆனால் போன் போர்டைப் பார்ப்பதில்லையே. சார் வெளிநாட்டுக்கு மெயில் எழுதினார்: மேற்படி மருத்துவமனை மூடப்பட்டுவிட்டது, விஷயத்தை நீக்கவும். மரியாதையான பதில் வந்தது: ஆதாரப் பக்கத்தை இணைக்கவும். 'நேரில் பார்த்தேன்' என்று எழுதினார். நேரில் பார்த்தது ஆதாரமாகாது என்றார்கள். குடோனைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எங்கள் மெஷின் எழுத்தைத்தான் படிக்கும், படத்தைப் படிக்காது என்றார்கள். குறைந்தது மூன்று பக்கம் வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது ஸ்கேல் இல்லாமலே வாசித்தார்.

சார், நான், வெண்ணிலா மூவரும் தேடினோம். ஆஸ்பத்திரி திறந்தால் விளம்பரம் போடுவார்கள், மூடினால் யார் போடுவார்கள்? ஒரு வரி இல்லை. இதற்கிடையில் டைல்ஸ்காரர் போன் பண்ணினார். "சார், இன்னிக்கும் ஒண்ணு வந்துச்சு. கொழந்தைக்கு வலிப்பு. நான்தான் திருப்பி அனுச்சேன்." சார் போனை வைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பேஜு இல்லன்னா எழுதிட வேண்டியதுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்தமாகப் பக்கம் எழுதி ஆதாரம் காட்டினால் வேலை போய்விடும். வேலையில் சேரும்போது எல்லாரிடமும் அதற்கொரு தாளில் கையெழுத்து வாங்கியதே இவர்தான்.

"சார், அது கள்ளப் பத்திரம் மாதிரி ஆவாதா?"

"கள்ளப் பத்திரந்தாம்மா" என்றார். "நெலம் மட்டும் நெசம்."

மூன்று பக்கம், மூன்று ஆள், ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. அவர் எழுதிய பக்கத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. இலவசமாகப் பக்கம் தருகிற ஓர் இடத்தில் எழுதினார்: 'கிழக்கே தேசிய நெடுஞ்சாலை, மேற்கே வேலிக்காத்தான் புதர், வடக்கே பஞ்சர் கடை, தெற்கே தர்பூசணி விற்கும் காலிமனை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கட்டடத்தில் மருத்துவமனை என்று யாதொன்றும் இன்றைய தேதியில் இல்லை என்று சுயநினைவுடன் எழுதிக்கொடுக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை.' வெண்ணிலா மருதாணி டிசைன் போடுகிற தன் பக்கத்தில், பஸ்ஸில் எப்படி வருவது என்று வழி சொல்கிற சாக்கில், மூடிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டாப் என்று எழுதினாள். நான் என் மகளின் சமையல் பக்கத்தில் பழவேற்காட்டு இறால் தொக்கு எழுதி, கடைசியில் ஒரு குறிப்பு வைத்தேன்: இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நெடுஞ்சாலை ஓரத்து இன்ன மருத்துவமனைக்குப் போக வேண்டாம், அது மூடப்பட்டுவிட்டது. உப்பு தேவையான அளவு.

எழுதியாயிற்று. மெஷின் படிக்க வேண்டுமே! அது உலகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது, எங்கள் மூன்று பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. சார் தினமும் காலையில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே மொபெட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். ஏதாவது ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பார். என் ஷேர் ஆட்டோ தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஏழு வாரம் அப்படி நின்றார்.

எட்டாவது வாரம் என் திரையில் வந்தது. அந்த மருத்துவமனை – நிலை – மூடப்பட்டது. கீழே மூன்று பக்கம்: ஒரு பத்திரம், ஒரு மருதாணி, ஓர் இறால் தொக்கு. நான் எழுதியதையே நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சரி என்று அழுத்தினேன். பக்கத்து நாற்காலியிலிருந்து வெண்ணிலா, "வந்துடுச்சுக்கா, எனக்குத்தான் வந்துடுச்சு!" என்று கத்தினாள். விதிப்படி அவள் கத்தக் கூடாது. இரண்டு பேரும் சரி போட்டதால் சாரிடம் போக வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் எழுந்து வந்தார். ஸ்கேலை என் மானிட்டர்மேல் வைத்தார். தான் எழுதிய வரிகளை, யாரோ எழுதியதுபோல, நான்கெல்லையும் விடாமல் உதடு அசைய வாசித்தார். தர்பூசணி வரைக்கும் குரல் சரியாக இருந்தது. அதற்குப்பிறகு உடைந்தது.

"பேஜுல இருக்குது" என்றார். "சரி."

என் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் விஷயங்களை அந்த மெஷினுக்கு ஊட்டினேன் என்று கணக்கில்லை. முறைப்படி ஊட்டியதில் எத்தனை பொய்யோ, அல்லாவுக்கே வெளிச்சம். முறைதவறி ஊட்டிய ஒன்றே ஒன்று உண்மை. அதற்குக் கேடயம் கிடையாது.

பிறகு புது மெஷின் வந்தது. அது எங்களை எதுவும் கேட்பதில்லை. எங்கள் நாற்காலிகளை ஒரு டியூஷன் சென்டர் வாங்கிக்கொண்டது. சார் எனக்கு ஒரு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். போன வாரம் என் வீட்டில் உட்கார்ந்து புது மெஷினைப் போனில் கேட்டுப் பார்த்தேன், அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று. மூடப்பட்டுவிட்டது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஆதாரங்கள் இதை உறுதிசெய்கின்றன என்றது. ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னது.

இதைச் சாரிடம் சொல்லலாம் என்று கவரைப்பேட்டைக்குப் போனேன். லோகநாயகி அக்கா இடது கையால் டீ கொண்டுவந்தார். பேச்சு தெளிந்துவிட்டது. மருமகள் உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் போன் சொன்னதைச் சொல்ல, சார் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மெகரு, நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த ஆஸ்பத்திரி மூடினது ஊருக்கே தெரியும்ன்றாங்க. டைல்ஸ் கடைக்காரனுக்குத் தெரியுது. ஆட்டோக்காரன் புதுசு, அவனுக்குத் தெரியல. இவ சின்னப் பொண்ணு, பாவம், இன்னிக்கு வரைக்கும் தன்னாலதான்னு அழுவுறா. உங்க ஆபீஸ்ல அவ்ளோ பேரு இருந்தீங்களே, ஒருத்தருக்குமா தெரியல?"

சார் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஊட்டிக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது.

"தெரியலக்கா" என்றேன். அத்தனை வருஷம் தொடாத மூன்றாவது பொத்தானை அந்த வீட்டில் வைத்து அழுத்தினேன்.

சார் என்னை வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தார். எனக்குத் தாங்கவில்லை. "சார், வெண்ணிலா என் அனுபவத்த எழுதச் சொல்றா. இணையத்துல போடுவாங்களாம். எழுதினா இதையும் சேத்துத்தான் எழுதுவேன். எனக்குத் தெரியும்ன்றதையும், உங்களுக்குத் தெரியும்ன்றதையும்."

"பேஜுல வந்துடும்" என்றார்.

"வந்துடும் சார்."

"மருமவ போன்ல படிச்சிடுவா. மாமியாருக்கும் படிச்சுக் காட்டுவா."

"அதுக்குத்தான் சார். அந்தப் பொண்ணு தன்னாலன்னு அழுவுதே."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஒரு பேஜு போதாதேம்மா. ரெண்டாவது நான் எழுதுறேன். மூணாவது வெண்ணிலாவ எழுதச் சொல்லு. நம்ம மூணு பேர்ல அவ ஒருத்திதான் சரியாப் போட்டா."